மேன்முறையீடு போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன்

நில அளவையாளர் வரைந்து தந்த படத்தில் காணியைப் பாதியாக்கும் கோடு எங்கள் கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவால் போகிறது. கிணறு என் கணவராக இருந்தவருடைய பங்கில் விழுகிறது, குசினி என்னுடைய பங்கில் விழுகிறது. விவாகரத்து வழக்கின் தீர்ப்பில் “காணியில் சரிபாதியை எதிராளி வழக்காளியின் பெயருக்கு மூன்று மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தவறினால் நீதிமன்றப் பதிவாளர் கையொப்பமிட்டு எழுதிக் கொடுப்பார்” என்று (எதிராளி நான், வழக்காளி அவர்) இருந்த ஒரே ஒரு வசனத்தை நிலத்தில் கிடத்திப் பார்த்தபோது அது இப்படித்தான் விழுந்தது. அதற்கு அடுத்த பந்தியில், வீட்டைக் கட்டியதற்கு அவர் செலவழித்த காசாக 4 இலட்சம் ரூபாவும் நான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

விவாகரத்தை நான் எதிர்க்கவில்லை. பதினெட்டு வருட வாழ்க்கை முடிந்துவிட்டது என்பதை இருவரும் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னரே ஒப்புக்கொண்டிருந்தோம், அதைப் பற்றி இங்கே எழுதவும் எனக்கு விருப்பமில்லை. நான் மேன்முறையீடு செய்தது காணியைப் பற்றியும் காசைப் பற்றியும் மட்டும்தான். அந்த மேன்முறையீடு கேட்கப்படும் வரைக்கும் தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்தி வைக்கும்படி கேட்க நேர்ந்த கதையைத்தான் எழுதுகிறேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இதே வாசலில் நிற்கும் பெண்களும் ஆண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் பலர் என்னைப் போலவே தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நீதிமன்ற வளவில் காத்திருந்த நாட்களில் எனக்குத் தெரியவந்தது.

காணியின் வரலாற்றைச் சொல்லாமல் மேன்முறையீட்டைச் சொல்ல முடியாது. என் திருமணத்தின்போது தென்மராட்சியில் 4 பரப்புக் காணியைப் பெற்றோர் சீதனமாக எழுதித் தந்தார்கள். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எங்களிடம் எஞ்சியிருந்த உரப்பையில் மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, சீதன உறுதி இருக்கவில்லை. மீள்குடியேறிய பின்னர், 2011 இல், அந்த 4 பரப்பை விற்று, அதே காசில் கிளிநொச்சியில் அரை ஏக்கர் உறுதிக்காணி ஒன்றை என் பெயரில் வாங்கினோம். வீடு பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலும், என் நகைகளிலும், அவருடைய சம்பளத்திலும் கட்டம் கட்டமாக எழுந்தது.

வடக்கில் எங்களுக்குப் பொருந்தும் தேசவழமை என்ற வழக்கச் சட்டத்தின்படி, திருமணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய சொத்து தேடிய தேட்டம். ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச்சட்டம் 1947 இல் திருத்தப்பட்டபோது அதற்குள் ஒரு வரம்பு வைக்கப்பட்டது: கொடுத்த காசு கணவனதோ மனைவியினதோ தனிச்சொத்தின் பகுதியாகவோ அதற்குப் பதிலாக வந்ததாகவோ இருக்கக்கூடாது. சீதனம் தனிச்சொத்து, சீதனத்தை விற்ற காசில் வாங்கிய காணி சீதனத்தின் இடத்தில் நிற்பது, ஆகவே அது தேடிய தேட்டம் ஆகாது, அதில் அவருக்குப் பாதி இல்லை என்பதே என் வாதம். தொலைந்த உறுதியின் சான்றுப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்தேன். விற்ற உறுதிக்கும் வாங்கிய உறுதிக்கும் இடையில் பத்தொன்பது நாட்கள்தான் இருந்தன, தொகைகளும் ஏறத்தாழப் பொருந்தின. இருந்தும், இரண்டு காசும் ஒன்றுதான் என்பது போதியளவு எண்பிக்கப்படவில்லை என்று மாவட்ட நீதிமன்றம் கருதியது. அது சரியா பிழையா என்பதை மேல் நீதிமன்றம் சொல்லட்டும்.

தீர்ப்பு பங்குனிக் கடைசியில் வந்தது. என் முதலாவது சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருந்த எழுதுவினைஞர், “மேன்முறையீட்டு அறிவித்தல் போட்ட உடனை எல்லாம் நிண்டிடும், யோசியாதையுங்கோ” என்று சொன்னார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அந்த ஒரு வசனத்தை நம்பி நான் இரண்டரை மாதம் நிம்மதியாக இருந்தேன் என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

அறிவித்தலைத் தீர்ப்பு வழங்கிய அதே நீதிமன்றத்தில் 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாளும் கொடுக்கும் நாளும் ஞாயிற்றுக்கிழமைகளும் அரச விடுமுறைகளும் அந்தக் கணக்கில் சேராது, சனிக்கிழமை சேரும். சித்திரைப் புத்தாண்டு இடையில் வந்ததால் நாட்காட்டியை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாட்கள், ஆனால் அந்த 60 இல் எந்த விடுமுறையும் கழிவதில்லை. முதல் கணக்கைப் போலத்தான் இதுவும் என்று நினைத்து ஒரு வாரம் பிந்தி வந்தவர் ஒருவரை நான் கண்டிருக்கிறேன். என் அறிவித்தலும் மனுவும், எதிர்த்தரப்பின் மேன்முறையீட்டுச் செலவுக்கான பிணையும் உரிய நாளுக்குள் போய்விட்டன. மனுவைக் கொடுத்துவிட்டு வந்த அன்று பின்னேரம் நான் கிணற்றடியில் கத்தரிக் கன்று நட்டேன்.

ஆனி மாதம் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் வந்தது. மேன்முறையீடு செய்யப்பட்ட தீர்ப்பை நிறைவேற்றும்படி அவர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்திருக்கிறார், என்னைப் பிரதிவாதியாகக் குறித்திருக்கிறார், இன்ன திகதிக்கு நான் தோன்றிக் காரணம் காட்ட வேண்டும். பாடசாலை வராந்தாவில் நின்று வாசித்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கடிதத்தை மடித்து வரவுப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டு மிச்சப் பாடத்தை நடத்தினேன்.

இரண்டாவதாக நான் போன சட்டத்தரணி வயதானவர், அதிகம் பேசாதவர். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையை எடுத்து 763 ஆம் பிரிவை விரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். மேன்முறையீடு செய்தது மட்டும் தீர்ப்பை நிறுத்தாது. மேன்முறையீட்டுக்குரிய காலம் முடியும் வரைக்கும் நிறைவேற்றலுக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால்தான் அந்த இரண்டு மாதமும் ஒன்றும் நடக்காமல் இருந்தது, என் அறிவித்தலால் அல்ல. அந்தக் காலம் முடிந்ததும் வென்றவர் தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி கேட்கலாம். அதை நிறுத்தி வைக்க வேண்டுமானால் தோற்றவர் தனியாகக் கேட்க வேண்டும், கேட்கும்போது இரண்டு விடயங்களைச் செய்ய வேண்டும்: நிறுத்தாவிட்டால் தனக்குக் கணிசமான இழப்பு ஏற்படக்கூடும் என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும், மேன்முறையீட்டில் தோற்றால் தீர்ப்பின்படி நடப்பதற்குப் பிணை வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பயனில்லை.

“என்ரை மேன்முறையீடு நியாயமானது எண்டு சொன்னால் போதாதோ சேர்?” என்று கேட்டேன்.

“எல்லாற்றை மேன்முறையீடும் நியாயமானதுதான் ரீச்சர்” என்றார்.

இடைநிறுத்தம் கேட்பதற்குச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டிய எழுத்து வாக்குமூலத்துக்கான, அதாவது சத்தியக்கடதாசிக்கான, குறிப்பை நானே எழுதிக் கொண்டுபோனேன். தமிழ் படிப்பிப்பவள் என்ற செருக்கும் கொஞ்சம் இருந்தது. நாலு பக்கம் எழுதியிருந்தேன்: இடம்பெயர்வு, முகாம், சீதனம், தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பது, ஊரின் பேச்சு. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “இதிலை நீங்கள் அழுதிருக்கிறியள், கிணறு எத்தனை அடி எண்டு சொல்லேல்லை” என்றார். எனக்குக் கோபம் வந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது அவர் சொன்னதன் பொருள் மெல்ல விளங்கியது. நான் எழுதியதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்த துன்பம். சட்டம் கேட்பதோ இனி நடக்கப்போகும் இழப்பை, அதுவும் நிறைவேற்றலால் வரும் இழப்பை, மேன்முறையீட்டில் வென்றாலும் திருப்பி எடுக்க முடியாத இழப்பை.

ஆகவே அளந்தேன். கிணறு 28 அடி, கட்டுக்கிணறு, கோடையிலும் நீர் வற்றாதது. காய்க்கும் தென்னை 11, அவற்றில் 8 அவருடைய பாதியில் விழுகின்றன. மலசலகூடத்தின் குழி கோட்டுக்கு அந்தப் பக்கம், மலசலகூடம் இந்தப் பக்கம். வீதிக்குப் போகும் படலை அவருடைய பாதியில். என் பாதிக்கு வேறு பாதை இல்லை, பின்பக்கம் வாய்க்கால். நில அளவையாளரைக் கூப்பிட்டுக் கோட்டைப் படத்தில் வரைவித்தது இதற்காகத்தான், அந்தப் படம் சத்தியக்கடதாசியோடு இணைப்பாகப் போனது. இன்னொரு விடயத்தையும் சட்டத்தரணி சேர்க்கச் சொன்னார்: காணி அவர் பெயருக்குப் போன பிறகு அவர் அதை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால், நான் வென்றாலும் அந்த மூன்றாம் ஆளோடு புதிதாக வழக்காட வேண்டிவரும். விற்பதற்கு ஆள் பார்க்கப்படுகிறது என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இருந்தது. தரகர் ஒருவர் என்னிடமே வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார், எந்தப் பாதி யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிணைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ளவர் ஒருவர் மாமாவின் காணியையோ சித்தப்பாவின் வீட்டையோ பிணையாகக் காட்டிவிடுவார். வன்னியில் எங்கள் உறவுகளின் காணிகளில் பெரும்பாலானவை குடியேற்றத் திட்டக் காணிகள், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் பேர்மிட்டில், அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில், கொடுக்கப்பட்டவை. வட்டக்கச்சியில் இருக்கும் பெரியம்மாவிடம் 2 ஏக்கர் வயல் இருக்கிறது, மூன்று தலைமுறையாக உழுகிறார்கள், ஆனால் பேர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, நீதிமன்றத் தீர்ப்புக்காகப் பறிமுதல் செய்யவும் முடியாது. கடனிலிருந்து விவசாயியைக் காப்பாற்றுவதற்காக வைத்த அந்த வேலி, பிணை தேடும் நாளில் குறுக்கே நின்றது. பெரியம்மா பேர்மிட்டைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் கையில் தந்து, “இது காணாதோ பிள்ளை?” என்று கேட்டபோது, அது செல்லாது என்று அவருக்கு விளக்குவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. கடைசியில் வவுனியாவில் இருக்கும் அண்ணா தன்னுடைய உறுதிக்காணியைப் பிணையாக வைக்கச் சம்மதித்தார். அண்ணியிடம் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

விசாரணை ஆடியில் நடந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, மேன்முறையீடு காலத்தை இழுத்தடிக்கும் உபாயம் என்றும், தன் கட்சிக்காரர் வாடகை வீட்டில் இருக்கிறார் என்றும் சொன்னார். வாடகை வீடு உண்மைதான். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது மறுக்க முடியவில்லை. என்னுடைய சட்டத்தரணி படத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கிணற்றைப் பற்றியும் படலையைப் பற்றியும் ஏழெட்டு நிமிடம் பேசினார். நீதிபதி படத்தை நீண்ட நேரம் பார்த்தார், அளவுத்திட்டம் என்ன என்று ஒரு கேள்வி கேட்டார்.

ஆவணியில் கட்டளை வந்தது. காணியை எழுதிக் கொடுக்கும் பகுதி மேன்முறையீடு முடியும் வரை இடைநிறுத்தப்பட்டது. அண்ணாவின் காணி மீது பிணைமுறி எழுத வேண்டும், 2 இலட்சம் ரூபா காசாக வைப்பிலிட வேண்டும், நான் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கவோ மரங்களைத் தறிக்கவோ கூடாது என்ற நிபந்தனைகளோடு. 4 இலட்சம் ரூபாவைக் கொடுக்கும் பகுதி இடைநிறுத்தப்படவில்லை. அவர் நிரந்தரச் சம்பளக்காரர், நாளைக்கு நான் வென்றால் அந்தக் காசை அவரிடமிருந்து திருப்பி எடுக்கலாம், ஆகவே அதில் கணிசமான இழப்பு என்று ஒன்றும் காட்டப்படவில்லை என்பது காரணம். அன்று எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பிறகு என் சத்தியக்கடதாசியை மறுபடி வாசித்துப் பார்த்தேன், காசைப் பற்றி ஒரு பந்தி கூட உருப்படியாக எழுதியிருக்கவில்லை. அந்தப் பணத்தைக் கொடுத்தால் வட்டிக்கு எடுக்க வேண்டிவரும், மகளின் உயர்தரப் படிப்புச் செலவு நிற்கும் என்பதையெல்லாம் கணக்குப் பத்திரங்களோடு சொல்லியிருக்கலாம். சொன்னாலும் போதியிருக்குமா என்பது வேறு. இப்போது சம்பளத்தில் மாதாமாதம் கடன் கழிபடுகிறது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியவள் ஆவேன். மகனுக்கான தாபரிப்புக் கட்டளை தனியாக நீதவான் நீதிமன்றத்தில் எனக்குச் சார்பாக வந்திருந்தது. அவர் அதற்கு எதிராக மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார், செய்த மாதத்திலிருந்து காசு கட்டுவதையும் நிறுத்திவிட்டார். மேன்முறையீடு போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டமோ இதில் இன்னும் கண்டிப்பானது: மேல் நீதிமன்றம் காரணங்களைப் பதிந்து வேறுவிதமாகப் பணித்தாலன்றி, மேன்முறையீட்டைக் காரணமாக வைத்துத் தாபரிப்புக் கட்டளை நிற்காது. பிள்ளை சாப்பிடுவதற்கு மேன்முறையீட்டின் முடிவு வரும் வரை காத்திருக்க முடியாது என்ற எளிய காரணம்தான். நிலுவையைச் சேர்த்துக் கட்டும்படி நீதவான் பணித்தபோது அவர் முகம் போன விதத்தைப் பார்த்தேன், பதிவுத்தபாலைக் கையில் வைத்திருந்தபோது என் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

முல்லைத்தீவில் படிப்பிக்கும் என் தோழி ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தானும் மேன்முறையீடு செய்து நிறுத்தப்போவதாகச் சொன்னார். அவருடைய பைலைப் பார்த்த பிறகுதான் அது வேறு வகை என்று தெரிந்தது. அவருடையது நீதிபதி விசாரித்து வழங்கிய தீர்ப்பல்ல, இரு தரப்பும் இணங்கிக் கையொப்பமிட்டு, அந்த இணக்கத்தின்படி பதியப்பட்ட தீர்ப்பு. சட்டக்கோவையின் 408 ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட தீர்ப்பு இறுதியானது, அதற்கு மேன்முறையீடு இல்லை, ஆகவே மேன்முறையீட்டைக் காட்டி இடைநிறுத்தம் கேட்கவும் இடமில்லை. ஏமாற்றியோ அச்சுறுத்தியோ கையொப்பம் வாங்கப்பட்டது என்பது போன்ற காரணம் இருந்தால், கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மீளாய்வு கோரியோ முன்னிருந்த நிலைக்கு மீட்டுத் தரும்படி கோரியோ போகலாம், அங்கேயே இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம், ஆனால் அது கடினமான வழி. தோழியிடம் அப்படிக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அன்று களைத்துப்போய், வழக்கு முடிந்தால் போதும் என்று கையொப்பம் வைத்திருக்கிறார். நீதிமன்ற வளவில் “இணங்கிப் போங்கோ, இழுபடாது” என்று சொல்பவர்கள் நிறைய, இணங்கிய பின் திரும்பும் பாதை இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்பவர் குறைவு.

இடைநிறுத்தக் கட்டளை கிடைத்த அதே வாரம், சட்டத்தரணி சொன்னபடி காணிப் பதிவகத்துக்குப் போய், அந்தக் காணிக்குரிய பதிவேட்டில் வழக்கு நிலுவையில் இருப்பதைப் பதிவித்தேன். நீதிமன்றக் கட்டளை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். கட்டளை அவரையும் என்னையும் கட்டும், வாங்க வருபவர் பார்ப்பது பதிவேட்டை என்றார். தரகர் அதன் பிறகு வரவில்லை.

போன கிழமை இன்னொரு பதிவுத்தபால் வந்தது. மேன்முறையீட்டு வழக்கேட்டின் பிரதிகளுக்கான கட்டணத்தை உரிய நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் மேன்முறையீடு தள்ளுபடியாகலாம் என்று இருந்தது. தள்ளுபடியானால் இடைநிறுத்தமும் அதோடு போய்விடும். இந்த முறை வரவுப் பதிவேட்டுக்குள் வைக்கவில்லை. அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டு, கட்டணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டில் இருந்த வழக்கிலக்கத்தைப் பதிவாளர் அலுவலகத்தின் யன்னலடியில் நின்று இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, மூன்றாம் பாடவேளைக்குப் பாடசாலைக்குத் திரும்பினேன்.